ஜெபமணி அக்காவும் படகின் மெத்தென்ற தரையும்

செய்தி வந்தபோது நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்குவதற்காகக் காத்து நின்றேன். போனில் ராஜபாளையத்திலிருந்து தனம் பேசினாள். ஜெபமணி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி அவள். "டீச்சர், ஒங்க அக்கா காலையில கதவே தெறக்கல. எங்க வீட்டுக்காரவுக பின்பக்கமா போயிப் பார்த்தாக..." என்று தொடங்கினாள். அடுப்பை அணைத்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரைமணி நேரப் பயணம். இரவு முழுவதும் பெய்த மழையில் சாலையோரப் பள்ளமெல்லாம் நிரம்பிக் கிடந்தது.

வீட்டு வாசலில் ஏழெட்டுக் குடைகள் விரித்தபடி இருந்தன. உள்ளே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் நேராக உள்ளே போகவில்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனேன். அங்கே இருந்த அக்காவின் படகின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயைக் காற்று பாதி இழுத்துப் போட்டிருந்தது. குனிந்து படகுக்குள் பார்த்தேன். ராத்திரி பெய்த அத்தனை மழைக்கும் உள்ளே ஒரு கை தண்ணீர்கூட நிற்கவில்லை. வடிகால் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பிலை மட்டும் ஒட்டிக்கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அக்காவின் முகத்தைப் பார்க்கப் போனேன்.

சாவு வீட்டுக்கு வந்தவள் முதலில் படகை எட்டிப் பார்த்ததைச் சிலர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அக்காவைத் தெரிந்த நீங்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள். மழை பெய்த காலையில் நான் வேறு எதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாலும், அவரே எழுந்து உட்கார்ந்து, "ஏட்டி, தண்ணி வடிஞ்சுதா?" என்று கேட்டிருப்பார்.

பழைய மாணவிகளான உங்களில் பெரும்பாலோருக்கு அவரை விசிலோடுதான் தெரியும். பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். நான் அதே பள்ளியில் வேதியியல் நடத்தினேன். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மைதானத்தின் இந்தக் கோடியில் அவர் ஊதினால் அந்தக் கோடியில் சோதனைக்கூடத்துக்குள் இருக்கும் நானும் நிமிர்ந்து நிற்பேன். சர்ச்சில் ஞாயிறு பாடல்களுக்கு முதல் குரல் எடுப்பவரும் அவர்தான் என்று அவரது சபைக்காரர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஜெபமணி அக்கா இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது ஆள். கையில் உளியும் மடியில் ஸ்டாப்வாட்சுமாக ஒரு படகைச் சுற்றி வந்த ஆள்.

அவர் பிறந்தது தூத்துக்குடி. கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் கடற்படைப் பிரிவில் இருந்திருக்கிறார். பாய் விரித்துப் படகோட்டுவதை அங்கேதான் கற்றுக்கொண்டார். பிறகு கல்யாணம், வேலை, பிள்ளை என்று கடலுக்கு எண்பது மைல் தள்ளி வந்து முப்பது வருஷம் இருந்துவிட்டார். ஓய்வு பெற்ற மறு வருஷம் தூத்துக்குடியில் ஒரு பழைய பயிற்சிப் படகைக் கழித்துப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்து, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஃபைபரில் செய்த படகு. பதினான்கு அடி நீளம். அதைவிட உயரமான ஒரு பாய்மரம்.

லாரி தெருவுக்குள் நுழைந்த அன்று நானும் அங்கே இருந்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம். சர்ச் அலங்காரத்துக்கு வந்த சாமான் என்றே தெருக்காரர்கள் முதலில் நினைத்தார்கள். "என்ன டீச்சர், நோவா பேழையா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா. ஒங்க வீட்டுல ஜோடியா எது இருந்தாலும் கொண்டு வந்து ஏத்துங்க. ஒங்களையும் ஒங்க வீட்டம்மாவையும் சேர்த்துத்தான்" என்றார் அக்கா. அந்தப் படகுக்கு அவர் வைத்த பெயர் சி.எல். இத்தனை வருஷத்தில் தற்செயல் விடுப்பே எடுக்காத ஆசிரியை என்று பிரிவுபசார விழாவில் தலைமையாசிரியை அவரைப் புகழ்ந்திருந்தார். "அம்புட்டு லீவையும் இப்ப சேர்த்து எடுக்கப் போறேன்" என்று சொல்லி நீலப் பெயிண்டில் அந்த இரண்டு எழுத்தைத் தானே எழுதினார்.

வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கண்மாய் உண்டு. நல்ல மழை வருஷத்தில் கார்த்திகையில் நிரம்பினால் மாசி வரை தண்ணீர் நிற்கும். மீன் குத்தகைக்காரர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசி அனுமதி வாங்கிவிட்டார். மீன் பயந்து ஓடிவிடும் என்று குத்தகைக்காரர் ஒருவர் சொன்னதற்கு, "மோட்டார் இல்லாத வண்டிங்க. எங்க ரெங்காதான் கத்துவா. அவ வாயில துணி வச்சிருதேன்" என்றார். அந்த ரெங்கா நான்தான். ரெங்கநாயகி. நீச்சல் தெரியாது. மிதவை உடுப்பை இறுக்கிக் கட்டி, படகின் நடுப் பள்ளத்தில் பொட்டலம் மாதிரி என்னை உட்கார வைப்பார். அந்தப் பள்ளத்துக்குக் காக்பிட் என்று பெயர். கால் வைக்க, உட்கார, சுக்கானைப் பிடிக்க எல்லாம் அந்த ஒரு இடம்தான். அலை தெளித்தாலும் மழை பெய்தாலும் தண்ணீர் அங்கே வந்துதான் சேரும். பின்பக்கத் தரையில் ஒரு ஓட்டை. அதிலிருந்து ஒரு குழாய் படகின் பின்பலகை வழியாகத் தண்ணீரை வெளியே விட்டுவிடும்.

முதல் நாள் மலைப்பக்கமிருந்து காற்று வந்து பாய் உப்பியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். செத்த நேரம் கழித்துத் திறந்தால் சத்தமே இல்லாமல் கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அந்த இரண்டு வருஷத்தில் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கண்மாயின் நடுவில்தான்.

சில வருஷங்கள் இப்படிப் போயின. பிறகு ஒரு ஐப்பசியில், கண்மாய் நிரம்பத் தொடங்கியிருந்த நேரத்தில், கொட்டகையில் படகைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா காக்பிட்டில் கால் வைத்தார். வடிகால் பக்கத்தில் தரை மெத்தென்று அமுங்கியது. குதிகால் உள்ளே போய்விட்டது. நிலை தடுமாறி விழுந்ததில் கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். பெங்களூரிலிருந்து மகன் டேனியல் ஓடி வந்தான். ஒரே பிள்ளை. அம்மா மேல் உயிர். அதனாலேயே அவனுக்குக் கோபம் வந்தது.

"அம்மா, நீங்க ஒத்தையில இருக்கது போதும். பெங்களூருக்கு வந்துருங்க. இந்த வீடு, படகு எல்லாத்தையும் வித்துருவோம்" என்றான்.

"தரை மெத்துனு ஆயிட்டு. அதுக்கு வீட்டை ஏம்லே விக்கணும்? தரையைச் சரி பண்ணா போதாதா?"

"யாரு பண்ணுவா? கட்டுப் போட்ட காலை வச்சுக்கிட்டு நீங்களா?"

அரைமணி நேரம் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அவனே ஒரு கணக்குப் போட்டான். பொங்கலுக்கு வருவான். அவன் எடைக்கு அந்தத் தரையில் ஏறிக் குதிப்பான். தரை கெட்டியாக இருந்து, ஊற்றிய தண்ணீர் ஒழுங்காக வெளியே போனால், பெங்களூர்ப் பேச்சையே எடுக்க மாட்டான். இல்லையென்றால் அக்கா படகை விற்றுவிட்டு அவனோடு கிளம்ப வேண்டும். பந்தயம் என்றால் அக்காவுக்குக் கால்வலிகூட மறந்துவிடும். கையை நீட்டினார். அவனும் கையைக் கொடுத்தான். அவர் பெங்களூருக்குப் போய்விட்டால் நான் வாரத்தில் மூன்று நாள் எங்கே பஸ் ஏறிப் போவேன், யாரோடு சண்டை போடுவேன்? இதை அப்போது அவரிடம் சொல்லவில்லை.

இனி சொல்லப் போவது என் தப்பு. அவர் இருந்தவரை இதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நானே சொல்லிவிடுகிறேன்.

ஃபைபர் தரை என்பது மேலும் கீழும் மெல்லிய ஃபைபர், நடுவில் பலகை. கண்ணாடி நாரில் செய்த விரிப்பை ரெசின் என்கிற பிசினில் நனைத்து ஒட்டித்தான் அதைச் சரி செய்வார்கள். கடையில் அந்த விரிப்புக்கு மேட் என்று பெயர். அக்கா காலில் கட்டோடு நாற்காலியில் இருந்ததால், பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது என் பொறுப்பு. ராஜபாளையத்தில் ஃபைபர் கதவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் சாமான் விற்கிற கடை அது. கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ரெசினை எடுத்து வைத்துவிட்டு, "மேட் லேதும்மா. தீந்துபோச்சு. ரெண்டு நாள்ல வந்துரும். பழைய பலகையை முழுசா நோண்டி எடுத்துட்டுத்தான் ஒட்டணும், மறந்துராதீங்க" என்றார்.

எனக்கு ரெண்டு நாள் பொறுக்கவில்லை. பொங்கல் நாளைக்கே வந்துவிடும்போல ஒரு பதற்றம். அன்று காலைதான் சத்திரப்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அவள் வீட்டில் தறி உண்டு. ஆஸ்பத்திரிக்கான கட்டுத் துணி நெய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இட்லித் தட்டில் விரிப்பதும் அந்தத் துணிதான், பால் வடிகட்டுவதும் அதில்தான், மாவடு ஜாடியின் வாயைக் கட்டுவதும் அதில்தான். என் பைக்குள் அதில் ஆறு சுருள் இருந்தது. துணிதானே, ரெசினில் நனைத்தால் எல்லாம் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றிவிட்டது. பஞ்சு தண்ணீரைக் குடிக்கும் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வேதியியல் டீச்சருக்கு அப்படித் தோன்றியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுருளைப் பார்த்ததும் அக்கா கேட்டார். "ஏட்டி, இது பேண்டேஜ்லா?"

"கடைக்காரரே இதுதான் போதும்னுட்டார் அக்கா. பழைய பலகையையும் எடுக்க வேண்டாமாம். மேல எட்டு மடிப்பு ஒட்டினாப் போதுமாம்."

மூன்றே வாக்கியத்தில் எத்தனை பொய்! அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அந்த ஆளு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று விசிலை எடுத்து வாயில் வைத்தார். ரெசினில் மருந்து கலந்துவிட்டால் கால்மணி நேரத்தில் இறுகிவிடும். அதற்குள் பூசி முடிக்க வேண்டும். அவருக்கு அது நூறு மீட்டர் ஓட்டம். ஊதியதும் நான் கலக்க வேண்டும், இரண்டாவது ஊதலுக்குப் பூசத் தொடங்க வேண்டும். ஸ்டாப்வாட்சைப் பார்த்து, "நாலு நிமிசம்தான் இருக்கு, கையை வீசுட்டி!" என்று நாற்காலியிலிருந்தே கத்துவார். சாயங்காலம் பார்த்தால் தரை தேன் நிறத்தில் பளபளவென்று கெட்டியாக இருந்தது. நான் ஏறி நின்று காட்டினேன். இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டோம்.

மூன்று வாரம் மழை விடவில்லை. மார்கழி பிறந்த மறுநாள் கட்டுப் பிரித்த காலோடு அக்கா கொட்டகைக்கு வந்து, வடிகால் ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சளக்கென்று தண்ணீர் வந்தது. ஒரு ஓரத்தைக் கிள்ளி இழுத்ததும் ஈரத் துணி வெங்காயச் சருகுபோல மடிப்பு மடிப்பாக உரிந்தது. காயாத துணி மூட்டையைப் பிரித்த நாற்றம் அடித்தது.

"கிளம்புட்டி. அந்த ஆளை நாலு கேள்வி கேக்கணும். காசு வாங்கிக்கிட்டு இப்படியா யோசனை சொல்லுவாரு?" என்று கைத்தடியை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துவிட்டார்.

ஆட்டோவில் சொல்லியிருக்கலாம். கடைப் படியில் அக்கா கால் வைத்தார். கடைக்காரர் பாவம், எழுந்து நின்று, "ரண்டி டீச்சர், வாங்க. கால் எப்படி இருக்கு?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். அக்கா வாயைத் திறக்கும்முன் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அவர் ஒண்ணும் சொல்லல. அவர் ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னார். பலகையை எடுக்கணும்னும் சொன்னார். நான்தான் பொய் சொன்னேன்."

கடையில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வாங்க வந்த இரண்டு பேர் எங்களையே பார்த்தார்கள். கடைக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தராசைப் பார்த்தார். என்னை அங்கேயே திட்டுவார் என்று நினைத்தேன். மைதானத்தில் அவர் போடும் சத்தம் உங்களுக்குத் தெரியும். அக்கா கடைக்காரர் பக்கம் திரும்பி, "மேட் வந்துட்டா?" என்று கேட்டார். "உந்தி டீச்சர், வந்துருச்சு. எம்புட்டு வேணும்?" என்றார் அவர். வேண்டிய அளவைச் சொல்லி, பலகையும் வாங்கி, மறுபடியும் ஆட்டோவில் ஏறினோம். வீடு வரும் வரை அவர் பேசவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தை நான் என் ஆயுளிலிருந்து கழித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உளியையும் சுத்தியலையும் என் கையில் கொடுத்தார். "உரி" என்றார். அவ்வளவுதான்.

உரித்தேன். எட்டு மடிப்பும் போய், பழைய ஃபைபரை வெட்டி எடுத்து, அதற்குக் கீழே கறுத்து ஊறி வெற்றிலைச் சக்கைபோல் ஆகிவிட்ட பலகையையும் நோண்டி எடுக்க மூன்று நாள் ஆனது. விடியலில் கோயிலில் திருப்பாவை சேவித்துவிட்டு, பொங்கல் பிரசாதத்தை அப்படியே தொன்னையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அக்கா அதைச் சாப்பிட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து நான் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் பேச்சே இல்லை. இரண்டாம் நாள், "முந்திரி கம்மியா இருக்கே" என்றார். மூன்றாம் நாள் கேட்டார்.

"ஏன் பொய் சொன்னே?"

"நாள் போயிருமேன்னு பயம். நீங்க பெங்களூருக்குப் போயிட்டா..." அதற்கு மேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. உளியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். முகமெல்லாம் ஃபைபர்த் தூள் ஒட்டி அரிப்பெடுத்தது வேறு.

அக்கா எழுந்து வந்து படகின் விளிம்பில் உட்கார்ந்தார். "எனக்கும் பயம்தான் ஏட்டி. பயத்துலதான் அந்தப் பேண்டேஜைப் பார்த்தும் பேசாம இருந்துட்டேன். எனக்குத் தெரியாதா அது ஆஸ்பத்திரித் துணின்னு? சீக்கிரம் முடிஞ்சாச் சரின்னு நானும்தான் நெனச்சேன். பொய் சொன்னவ நீ, நம்புன மாதிரி இருந்தவ நான். எந்திரி, தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு ரெண்டு பேரும் பார்ப்போம்."

அதன் பிறகு நாங்கள் செய்த வேலைதான் சரியான வேலை. "மெத்துன எடத்தையே பார்த்துக்கிட்டு இருக்காதே. தண்ணி நுழைஞ்ச எடத்தைத் தேடு" என்பார் அக்கா. ஸ்குரு டிரைவரின் பிடியால் தரை முழுவதும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் டக் டக் என்றது. கெட்ட இடம் தொப் என்றது. தொப் என்ற இடங்களைச் சாக்பீஸால் சுற்றி வரைந்தபோது எல்லாக் கோடும் வடிகால் ஓட்டையில் வந்து முடிந்தது. ஓட்டை போட்டவர்கள் அதன் உள்விளிம்பில் பலகையை மூடாமல் அப்படியே விட்டுவிட்டிருந்தார்கள். வெளியே போக வேண்டிய தண்ணீர் போகிற வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பலகைக்குள் இறங்கியிருக்கிறது. இத்தனை வருஷம் நாங்கள் தரையைத் துடைத்துத் துடைத்து அழகு பார்த்திருக்கிறோம்.

மார்கழி ஈரத்தில் உள்ளே காய்வது பெரும்பாடாகிவிட்டது. இரண்டு குண்டு பல்புகளைப் படகுக்குள் தொங்கவிட்டு ஒரு வாரம் காய வைத்தோம். கோழிக்குஞ்சு வளர்க்கிறீர்களா என்று தனம் கேட்டாள். கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் புதுப் பலகைக்கு இரண்டு பக்கமும் ரெசின் பூசி உட்கார வைத்தோம். அது மேலே எழும்பாமல் இருக்கப் பாரம் வேண்டும். பள்ளியில் கழித்துப் போட்ட குண்டெறிதல் குண்டுகள் பதினொன்று அக்காவிடம் இருந்தன. அவற்றைச் சாக்கில் கட்டி மேலே வைத்தார். பிறகு மேட். இந்த முறையும் விசில், இந்த முறையும் ஸ்டாப்வாட்ச். ஆனால் நான் அவசரப்பட்டால், "நில்லு. காத்துக்குமிழி இருக்கு. அதை வெளிய தள்ளிட்டுப் பொறவு அடுத்ததை வை" என்று நிறுத்திவிடுவார்.

வடிகாலுக்கு அவர் செய்ததுதான் எனக்கு இன்றும் மறக்காத வித்தை. ஓட்டையை வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்தார். அதை முழுவதுமாகக் கெட்டி ரெசினால் அடைத்தார். அது கல்லாக இறுகியதும் அதன் நடுவில் குழாய்க்கு வேண்டிய அளவில் மறுபடியும் துளை போட்டார். இனிமேல் தண்ணீர் போகிற வழியில் பலகையே கிடையாது. புதுக் குழாயும் மாட்டியான பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக் காக்பிட்டில் ஊற்றினார். சலசலவென்று பின்பலகை வழியாக வெளியே கொட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். "ஆச்சு அக்கா!" என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"நில்லுட்டி. ஊத்திட்டுப் போயிராதே. கடைசிச் சொட்டு வரைக்கும் நின்னு பாரு. முதல் தண்ணி யாருக்கும் போகும்."

நின்று பார்த்தோம். கடைசித் தண்ணீர் ஓட்டைக்கு அரை விரல் தள்ளி ஒரு தேங்கலாக நின்றுவிட்டது. அக்கா அந்த இடத்தைத் தேய்த்துச் சரிவாக்கி மறுபடியும் ஊற்றினார். ஐந்தாவது வாளிக்குத்தான் தரை காய்ந்தது.

பொங்கலன்று மத்தியானம் கண்மாய்க்கரையில் டேனியல் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினான். தொண்ணூறு கிலோ ஆள். மூன்று முறை குதித்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை, தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் ஊர்ப் பெருமாள் வடபத்ரசாயியிலிருந்து அவர்களுடைய ஏசு வரை எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தரை அசையவில்லை. வாளித் தண்ணீர் ஊற்றினான். அம்மா சொல்லாமலே கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்தான். சின்ன வயதில் அவனுக்கும் அந்தப் பழக்கத்தை ஊட்டியிருப்பார்போல. பிறகு மூன்று பேரும் பாய் விரித்துக் கண்மாயின் அக்கரை வரை போனோம். திரும்பும்போது சுக்கானை அவனிடம் கொடுத்துவிட்டு அக்கா காலை நீட்டிக்கொண்டார்.

கரைக்கு வந்து இறங்கும்போது டேனியல் சொன்னது ஒரே வார்த்தைதான். "அடுத்த பொங்கலுக்கும் வாரேன்மா."

அதற்குப் பிறகு நான்கு பொங்கல் வந்தது. நான்கிலும் கண்மாயில் தண்ணீர் இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு வருஷம் கணுக்கால் அளவுதான். அந்த வருஷமும் படகைக் கொட்டகையில் வைத்தபடியே பாயை ஏற்றி, உள்ளே உட்கார்ந்து கரும்பு தின்றோம். தன் வீட்டில், தன் கட்டிலில், தன் கொட்டகையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் போயிருக்கிறார். அவருக்காக அழுதேன். ஆனால் அவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது என்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் டேனியல் அலமாரியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தான். "ஆண்ட்டி, இது என்னன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்" என்று அக்காவின் மெடல் பெட்டியைத் திறந்து நீட்டினான். ஓட்டத்துக்கு வாங்கியது, நீளம் தாண்டுதலுக்கு வாங்கியது எல்லாம் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விறைத்த துணித் துண்டு. நான் உரித்துப் போட்ட அந்தக் கட்டுத் துணி. ரெசின் காய்ந்து பழுப்பாகிக் கிடந்தது. ஒரு மூலையில் துளை போட்டு, விளையாட்டு விழா ரிப்பனைக் கோத்திருந்தார். பின்பக்கத்தில், சான்றிதழ்களை நிரப்புகிற அதே குண்டுக் கையெழுத்து.

பெயர்: ரெங்கநாயகி. போட்டி: ஒத்துக்கொள்ளுதல். இடம்: முதல்.

எழுபதை நெருங்கும் இந்த வயது வரைக்கும் விளையாட்டில் நான் வாங்கிய ஒரே பரிசு அது. இப்போது என் வீட்டுச் சமையலறையில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. படகை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று டேனியல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு இன்னும் நீச்சல் தெரியாது. ஆனாலும் மழை பெய்த காலைகளில் பஸ் ஏறி ராஜபாளையம் போகிறேன், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறேன், கடைசிச் சொட்டு வரைக்கும் நின்று பார்க்கிறேன்.